நாய் செய்த தீங்கு யாரைச் சாரும்?

தீமையைத் தன் கையால் செய்யாதவன் தீமையினின்று விலகியவன் ஆவானா? தன் உடைமையாகிய ஒன்று பிறிதோர் உயிருக்குத் துன்பம் விளைத்தால், "நான் நினைக்கவுமில்லை, ஏவவுமில்லை" என்று கூறி ஒருவன் அகன்றுவிடலாமா? இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நம் தெருக்களில் அன்றாடம் எழுவது. அண்மையில் நம் அன்பர்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் நேர்ந்த நிகழ்ச்சி இதனை நம் முன்னே கொண்டுவந்து நிறுத்திற்று. சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற நாம் ஒவ்வொருவரும் ஆற அமர எண்ணத்தக்கது.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்க்கெனக் கட்டப்பெற்ற லைன் வீடுகளை நம் வாசகரில் பலர் அறிவர். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவர். ஒரு வாசலுக்கு எதிரே மற்றொரு வாசல். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டபின், அவ்வீடுகளில் வாழ்வோரில் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டியபின் திரும்புகின்றனர். அத்தகைய இளைஞர் ஒருவர், நற்குணமுடையவர், ஞாயிறுதோறும் சங்கத்து வந்தனைக்கு வருபவர், பெரிய இனத்து நாய் ஒன்றை விலைக்கு வாங்கி வளர்த்து வந்தார். புறப்படும்போது சங்கிலியில் பிணிப்பார்; இரவு திரும்பியபின்தான் அவிழ்ப்பார். அந்நாய் முன்னரே ஒருமுறை அயலார் கோழியைக் கொன்றது. மற்றொருமுறை தெருநாய் ஒன்றன் காதைக் கிழித்தது. அயலார் எடுத்துரைத்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "காவலுக்கு வளர்க்கும் நாய் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஒரு மாலை சங்கிலியின் கொக்கி தேய்ந்து அறுந்தது. நாய் தாழ்ந்த சுவரைத் தாண்டி, எதிர் வீட்டில் தனித்து வாழும் முதிய அம்மையாருடைய சிறு நாயின் கழுத்தைக் கவ்வி உதறியது. அண்டையார் நீரை வாரி இறைத்தும் பலகையை இடையே செருகியும் விடுவித்தனர். சிறு நாயின் கழுத்தில் இரண்டு சிறு துளைகளே தெரிந்தன. அம்மையார் மஞ்சளை அரைத்து அப்பினார். மூன்றாம் நாள் அது இறந்தது. இரவு வந்த இளைஞர் செய்தி கேட்டுத் தம் வாசலில் நின்றபடியே, "நாயும் நாயும் கடித்துக்கொண்டால் நான் என்ன செய்வது, ஆயா?" என்றார். அவ்வம்மையார் மறுமொழி கூறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

இது சங்கத்தில் பேசப்பட்டபோது மூவகைக் கருத்துகள் எழுந்தன. நாய்கள் கடித்துக்கொள்வது இயற்கை. அதில் தம்மத்திற்கு என்ன வேலை என்றனர் சிலர். எண்ணமே கருமம் என்பது பகவன் போதனையாதலால், எண்ணமில்லாத அவ்விளைஞர் குற்றமற்றவர் என்றனர் வேறு சிலர். கடித்த நாயைக் கொன்றுவிடுவதே முறை என்றனர் மற்றும் சிலர். இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

இயற்கை என்னும் வாதம்

நாய் நாயைக் கடிப்பது இயற்கை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இயற்கை என்பது காரணமின்றி வருவது என்று பொருளன்று. இது உள்ளபோது அது உண்டாகிறது. இது இல்லாதபோது அது இல்லையாகிறது என்று சார்பிற்றோற்றத்தைக் கற்ற நாம், எந்நிகழ்ச்சிக்கும் காரணம் தேடக் கடமைப்பட்டவர்கள். நாய் தன் இனத்தின்மேல் பாய்வதற்கும் காரணங்கள் உண்டு.

நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையுள்ள காலத்தில்தான், பிற நாய்களோடும் மனிதரோடும் அஞ்சாது பழகக் கற்கிறது. தாயினிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமிருந்து காலத்திற்கு முன்னே பிரிக்கப்பட்டு, அதன்பின் நான்கு சுவருக்குள் வளர்ந்த நாய், வேறு நாயைக் கண்டால் அஞ்சுகிறது. அச்சமே பெரும்பாலும் பல்லாக வெளிப்படுகிறது. குட்டிகளை எட்டு வாரம் நிரம்புமுன் விற்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுவது இதுபற்றியே பொருளுடையதாகிறது. நாளெல்லாம் சங்கிலியிற் கிடக்கும் நாய்க்கு ஓடி விலகவும் வழியில்லை, நெருங்கி முகர்ந்து அறியவும் வழியில்லை. தன்னைச் சுற்றியுள்ள சில முழ நிலத்தையே உலகமாகக் கொண்டு, அதனருகே வரும் எவ்வுயிரையும் பகையாக எண்ணுகிறது. கருத்தடை செய்யப்படாத ஆண் நாய்கள் பருவமுற்ற பெண் நாயைச் சுற்றிச் சண்டையிடுகின்றன. உணவுத் தட்டின் அருகே மற்றொரு நாய் வரின் சினம் மூளுகிறது. தெருவில் செல்லும்போது எதிரே நாய் கண்டவுடன் வளர்ப்பவர் அஞ்சி வாரை இறுக்கிப் பிடித்தால், அவ்விறுக்கமே நாய்க்கு ஆபத்தின் அறிகுறியாகிவிடுகிறது.

இக்காரணங்களை எண்ணிப் பார்ப்போமாயின், அவற்றுள் நாயின் கையில் உள்ளது ஒன்றுமில்லை என்பது விளங்கும். அனைத்தும் வளர்ப்பவர் கையில் உள்ளன. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பதினோராம் பிரிவில், நெடுநேரம் குறுகிய சங்கிலியிலோ பளுவான சங்கிலியிலோ பிராணியைப் பிணித்து வைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி தராமல் விடும் உரிமையாளரையும் குற்றவாளி என்றே அது குறிக்கிறது. ஆகவே அவ்விளைஞரின் நாய் பிறிதொரு நாய்க்குத் துன்பம் செய்யுமுன், அவர் தம் நாய்க்கே துன்பம் செய்திருந்தார். அத்துன்பமே கொக்கி அறுந்த மாலையில் எதிர் வாசலை அடைந்தது. காரணத்தைத் தன் கையால் நட்டு நீர் வார்த்தவன், கனி விழுந்தபோது அதனை இயற்கை என்று கூறுதல் தகாது.

எண்ணம் என்னும் வாதம்

இரண்டாம் வாதமே வலியுடையது. அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஏனெனில் எண்ணமே கருமம் என்பது பகவன் போதனையின் உயிர்நிலை. நாலந்தையில் உபாலி என்னும் இல்லறத்தான் நிகண்டர் சார்பில் வாதிட வந்தபோது, உடலாற் செய்யும் வினையே பெரிதென்று அவன் கூற, மனத்தாற் செய்யும் வினையே பெரிதென்று பகவன் நிலைநாட்டினார். நடந்து செல்பவன் காலடியில் அறியாமல் மாயும் சிற்றுயிர்களின் உவமையும் அவ்வுரையாடலில் வருகிறது.

சக்குபாலத் தேரரின் வரலாறும் இதனையே உணர்த்தும். இடைவிடாத முயற்சியால் கண்பார்வை இழந்த அவ்வடிகள், மழை பெய்து ஓய்ந்த ஒரு வேளையில் நடைதியானம் செய்தபோது, நிலத்தில் ஊர்ந்த பூச்சிகள் பல அவர் காலடியில் மாண்டன. அதனைக் கண்ட பிக்குகள் பகவனிடம் சென்று முறையிட்டனர். "அவர் கொன்றதை நீங்கள் கண்டீர்களா?" என்று பகவன் வினவ, காணவில்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் அப்பூச்சிகளைக் காணவில்லை. ஆதலின் அவர்பால் கொலைக் குற்றம் இல்லை என்று பகவன் தெளிவித்தார். நம் இளைஞர்க்காகப் பேசிய அன்பர் இவ்வரலாற்றையே எடுத்துக்காட்டினார்.

இதற்கு மாறாக மற்றொரு வரலாறும் உண்டு. இராசகிருகத்தில் பகவனைக் கொல்ல விரும்பிய தேவதத்தன், நாளாகிரி என்னும் மதயானையைப் பகவன் வரும் வீதியில் அவிழ்த்துவிடச் செய்தான். யானை ஓடியது; யானை தாக்க வந்தது. ஆயினும் பௌத்த உலகம் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அக்கொடுமையை யானையின்மேல் ஏற்றவில்லை. தேவதத்தன்மேலேயே ஏற்றி வந்துள்ளது. பகவனோ யானையை மைத்திரியால் அமைதியுறச் செய்தார். விலங்கின் வாயிலாகச் செய்த தீமை, விலங்கை ஏவியவனையே சாரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பொழுது வினா இதுதான். நாய் வளர்க்கும் ஒருவர் தேவதத்தனுக்கு அருகில் நிற்கிறாரா, சக்குபாலருக்கு அருகில் நிற்கிறாரா? நம் இளைஞர் நாயை ஏவவில்லை. ஆதலின் தேவதத்தன் அல்லர். இதை நாம் ஐயமின்றி ஒப்புக்கொள்ளுகிறோம். அவர்மேல் கொலைக் குற்றம் சுமத்துவோர் வரம்பு கடந்து பேசுகின்றனர். ஆனால் அவர் சக்குபாலரும் அல்லர். சக்குபாலருக்குக் கண் இல்லை. இவருக்குக் கண் உண்டு. கோழி இறந்ததை இவர் கண்டார். தெருநாயின் கிழிந்த காதைக் கண்டார். நாளும் தம் கையால் மாட்டிய கொக்கி தேய்ந்து வருவதையும் கண்டிருக்க வேண்டும். அயலார் வாய்விட்டு உரைத்ததைக் கேட்டார். கண்டும் கேட்டும், ஒவ்வொரு விடியலிலும் "இன்று ஒன்றும் நேராது" என்று எண்ணிச் சென்றார். அவ்வாறு எண்ணியதும் ஓர் எண்ணமே அன்றோ? கடித்த செயல் நாயுடையது. ஆனால் காவாமல் விட்ட செயல் ஒருநாளைச் செயலன்று. பல நாட்களில், பலமுறை, அறிந்தே செய்த செயல். அதன் பெயர் பமாதம், அதாவது விழிப்பின்மை.

பகவன் தம் இறுதி வேளையில் சீடர்க்கு விட்டுச்சென்ற கட்டளை அப்பமாதமே என்பதை நாம் மறக்கலாகாது. கொல்லாமை என்னும் சீலம் கையை அடக்குவதோடு நின்றுவிடுவதன்று. அதனைப் பகவன் எவ்வாறு நடைமுறைப்படுத்தினார் என்று பாருங்கள். மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராக நடந்தால் பசும்புல்லும் சிற்றுயிரும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறைகூறியபோது, "எண்ணமில்லையே, நடக்கலாம்" என்று அவர் கூறவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குமாறு விதித்தார். பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று. நீரில் உயிர் இருக்கக்கூடும் என்று அறிந்தவன் வடிகட்டாமல் பருகிவிட்டு, நான் காணவில்லை என்று கூற இயலாது. அறியாது நேர்ந்தால் குற்றமில்லை. அறியக்கூடியதை அறியாமல் இருக்கத் தேர்ந்துகொள்வதற்கு அவ்விலக்கு இல்லை. பிக்குவிற்கு வடிதுணி எவ்வாறோ, நாய் வளர்க்கும் உபாசகருக்கு உறுதியான வாரும், பழுதற்ற வேலியும், வேண்டுமிடத்து வாய்க்கூடும் அவ்வாறே என்போம்.

வாசல்தோறும் "நாய் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டுகின்றோம். ஜாக்கிரதை என்பது விழிப்பு என்னும் பொருளுடைய சொல். அவ்விழிப்பை யாரிடம் கேட்கிறோம்? தெருவிற் செல்லும் கிழவியிடமும், பள்ளிப் பிள்ளையிடமும், அவர்தம் பின்னே ஓடும் சிறு நாயிடமும் கேட்கிறோம். பலகையின் எழுத்து தெருவை நோக்கி இருக்கிறது. அதனை உள்நோக்கித் திருப்பி மாட்டுவதே பௌத்தனுக்கு அழகு.

நாட்டுச் சட்டமும் இங்கே முழுத் துணை செய்வதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவு, தன் வசமுள்ள பிராணியைக் கவனமின்றி விடுபவனுக்கு ஆறு திங்கள் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் அது மனித உயிருக்கு வரும் ஆபத்தையும் மனிதருக்கு வரும் கொடுங்காயத்தையும் பற்றியே பேசுகிறது. எதிர் வீட்டு நாயின் கழுத்து அப்பிரிவின் கண்ணுக்குத் தெரிவதில்லை. சட்டம் நின்றுவிடும் இடத்திலும் சீலம் நடக்க வேண்டும். இல்லையேல் சீலம் ஏற்றதன் பயன் யாது?

கொன்றுவிடுக என்னும் வாதம்

மூன்றாம் கருத்து சினத்தினின்று பிறந்தது. நாய்க்குப் பஞ்சசீலம் இல்லை. நன்மை தீமை ஆராயும் அறிவும் இல்லை. அஞ்சியபோது கடித்தது. அதனைக் கொல்வதால் இறந்த நாய் எழுந்து வராது. வளர்த்தவரின் விழிப்பின்மையும் தீராது. அவர் மற்றொரு குட்டியை வாங்கி அதே சங்கிலியிற் பிணிப்பார்.

குக்குர ஜாதகம் நம் அனைவர்க்கும் தெரிந்ததே. காசியில் அரசனுடைய தேரின் தோல்வார்களை இரவில் நாய்கள் தின்றுவிட்டன. அரசன் நகரத்து நாய்களையெல்லாம் கொல்லுமாறு ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு அளித்தான். சுடுகாட்டில் வாழ்ந்த நாய்க் கூட்டத்தின் தலைவராகப் பிறந்திருந்த போதிசத்துவர், அஞ்சாது அரசவை புகுந்து, மோரும் தருப்பைப் புல்லும் கலந்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் செய்தார். அவை தின்ற தோலைக் கக்கின. குற்றம் செய்தவை அரண்மனையில் இருந்தன. தண்டனை தெருவில் நடந்தது.

இக்கதையை நாம் வெறுங் கதையாகக் கொள்ளுவதற்கில்லை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், டெல்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே திங்கள் 22-ஆம் நாள் அதனைத் திருத்தி, வெறிநோய் கொண்டனவும் மூர்க்கமானவும் நீங்கலாக, ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறிற்று. அவ்வழக்கின் பின்னைய ஆணைகளையோ நீதிமன்றத்தின் முடிவுகளையோ ஆராய்வது நம் நோக்கமன்று. நாய்க்கடியால் குழந்தைகளை இழந்த பெற்றோரின் துயரத்தைக் குறைத்து மதிப்பதும் அன்று. நாம் கூற வருவது ஒன்றே. அந்நாட்களில் நாடெங்கும் தெருநாயைப் பற்றியே பேச்சாக இருந்தது. வீட்டுக்குள்ளே வளரும் நாய் எப்படி வளர்க்கப்படுகிறது என்று தம் வீட்டை நோக்கிக் கேட்டவர் எத்தனை பேர்? தெருவில் கைவிடப்பட்ட நாய்களிற் சில நேற்று வரை ஒரு வீட்டு நாயாக இருந்தவையே அன்றோ?

ஆதலின் கடித்த நாயைக் கொல்வதும் தம்மமன்று. ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவதும் தம்மமன்று. அதன் குணத்தை மறைத்து வேறொருவருக்குக் கொடுப்பது பொய்யாமை என்னும் சீலத்திற்கும் முரணாகும். அதனை அடக்கி, பயிற்றி, காத்து வாழவைப்பதே வளர்த்தவர் கடமை.

மூர்க்கத்தில் கொள்ளும் பெருமை

இன்னுமொரு நோய் உண்டு. சிலர் மூர்க்கமான நாயை வேண்டுமென்றே நாடுகின்றனர். என் நாயைக் கண்டால் தெருவே நடுங்கும் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மகிழ்ச்சி. சிலவிடங்களில் நாய்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பந்தயம் கட்டுவோரும் உளர். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய தேவைக்கெனவே குட்டிகளை ஈனச் செய்து விற்போரும் உளர். உபாசகர் விலக்க வேண்டிய ஐவகை வாணிகத்துள் உயிர் விற்பனையும் ஒன்று, ஆயுத விற்பனையும் ஒன்று. பிற உயிரைக் கிழிப்பதற்கென்றே நாயை வளர்த்து விற்பவன் ஒரே கையால் இவ்விரண்டையும் செய்கிறான். வாங்குபவனுக்கும் அதில் பங்குண்டு.

பகவன் காலத்தில் சேனியன் என்னும் துறவி, நாயைப் போல நிலத்தில் இட்ட உணவை உண்டு, நாயைப் போலச் சுருண்டு கிடந்து நோன்பு நோற்றான். இதன் பயன் யாது என்று கேட்டபோது பகவன் முதலில் மறுத்து, பின்னர், நாயின் மனத்தைப் பயில்பவன் நாய்களின் நிலையையே அடைவான் என்று உரைத்தார். சேனியன் அழுதான், பின்பு திருந்திச் சங்கம் புகுந்தான். தன் நாய் மற்றொரு நாயைக் கிழிப்பதைக் கண்டு களிக்கும் ஒருவன், சேனியனைப் போல நிலத்தில் உண்ணாவிடினும், பயில்வது எம்மனத்தை என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும்.

செய்யத்தக்கவை

இனி, நாய் வளர்க்கும் அன்பர்கள் மேற்கொள்ளத்தக்க கடமைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, வளர்க்க இயலுமா என்று வாங்குமுன் எண்ணுதல். நாளில் பதினான்கு மணி நேரம் வெளியே உழைப்பவர், துணையில்லாத வீட்டில் பெரிய நாயை வைத்தல் அந்நாய்க்குச் சிறை, அயலார்க்கு அச்சம். இரங்கி வளர்க்க விரும்புவோர் தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம்.

இரண்டாவது, வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று திங்கள் ஆனபோது தொடங்கி, மருத்துவர் கூறும் காலத்தில் தவறாது போடுதல் வேண்டும். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயினாலேயே வருகிறது. கடித்த நாயும் கடிபட்ட நாயும் ஊசி போட்டவையா என்பதை உடனே அறிதல் வேண்டும். சண்டையை விலக்கும்போது பல்லோ நகமோ பட்டவரும், புண்ணில் எச்சில் பட்டவரும், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

மூன்றாவது, கருத்தடை. இது நாயின் அலைச்சலையும் ஆண் நாய்களின் சண்டையையும் குறைக்கும். வேண்டாத குட்டிகள் தெருவில் விடப்படுவதையும் தடுக்கும்.

நான்காவது, நாள்தோறும் நடை. வாரைப் பிடித்து நடத்திச் செல்வோர் அதனை அடக்கவல்ல வலிமையுடையவராக இருத்தல் வேண்டும். சிறுவர் கையில் பெரிய நாயைக் கொடுத்தனுப்பலாகாது. எதிரே வேறு நாய் வரின் தெருவின் மறுபுறம் விலகிச் செல்வதில் இழிவொன்றுமில்லை. ஒருமுறை கடித்த நாய் மறுமுறையும் கடிக்கக்கூடும் என்று கொண்டு, வாய்க்கூடு இட்டே வெளியே கொண்டுவருதல் வேண்டும். அது மூச்சுவிடவும் நீர் பருகவும் இடந்தருவதாக இருக்கட்டும்.

ஐந்தாவது, நாய்கள் சண்டையிடும்போது கையை இடையே நீட்டாதிருத்தல். நீரை இறைத்தல், பலகையையோ கோணிப்பையையோ இடையே செலுத்துதல் நல்லது. அடித்தால் பிடி இறுகுவதே பெரும்பான்மை.

ஆறாவது, கடிபட்ட நாயை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல். பெரிய நாய் சிறிய நாயைக் கவ்வி உதறும்போது, தளர்ந்த தோல் பல்லோடு நகர, உள்ளே தசை கிழிந்து நசுங்குகிறது. மேலே தெரிவது சிறு துளை. உள்ளே இருப்பது பெரும்புண். துளை மூடிக்கொள்ள உள்ளே சீழ் கோக்கிறது. அம்மையாரின் நாய் இறந்ததும் இவ்வாறே. மஞ்சள் இத்தகைய புண்ணுக்கு மருந்தாகாது.

ஏழாவதே கடினமானது. தன் நாய் தீங்கு செய்தால் தானே முன்சென்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, மருத்துவச் செலவை ஏற்று, இனி நேராதவாறு செய்ததையும் காட்டுதல். தவறைத் தவறென்று கண்டு அறிக்கையிட்டுத் திருந்துவதையே வினயம் வளர்ச்சி என்கிறது. "ஒரு நாய்தானே, வேறு வாங்கித் தருகிறேன்" என்பது ஒப்புக்கொள்ளுதல் ஆகாது. தனித்து வாழும் ஒருவருக்கு, இரவில் வாசலில் படுத்திருக்கும் உயிரின் விலையைச் சந்தை அறியாது.

நாம் நினைவிற் கொள்ளவேண்டியது

நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே வைத்து, நாயும் கழுதையுமே அவர்தம் செல்வம் என்று விதித்தது மனு நூல். விலங்குகள் நீரருந்தத் தடையில்லாத மஹாட் நகரத்துச் சவுதார் குளத்தில் நம்மவர் நீரருந்தத் தடையிருந்தது. அத்தடையை 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தம் கையால் நீர் அள்ளிப் பருகி உடைத்தார். நாயினும் கீழாக நடத்தப்பட்டோம் என்று நாம் சொல்லும்போது நம் நெஞ்சு எரிவது இயல்பே. ஆயினும் அவ்வெரிச்சலிலிருந்து இருவழிகள் பிரிகின்றன. நாம் மேலேறியபின் நமக்குக் கீழே ஓர் உயிரை வைத்து மிதிப்பது ஒருவழி. எவ்வுயிரையும் கீழென்று வைக்கும் அளவுகோலையே முறித்தெறிவது மற்றொரு வழி. பகவன் காட்டியது இரண்டாவதே.

அசோக மாமன்னர் மனிதர்க்கும் விலங்கிற்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததைத் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்து, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் அது நடந்ததெனக் கூறுகிறார். பௌத்தம் நம் நாட்டிற்கு விலங்கின் மருந்தோடு சேர்ந்தே வந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் சாசனம் பாறையில் இருக்கிறது. நாய் நம் வாசலில் இருக்கிறது.

நம்மையும் நாம் விலக்கிக்கொள்ள இயலாது. அந்நாய் நாளெல்லாம் சங்கிலியிற் கிடந்ததைச் சங்கத்திற்குச் செல்லும் வழியில் நாமும் பலமுறை கண்டோம். நம் நாயன்று என்று நடந்தோம். வந்தனை முடித்துத் திரும்பும்போதும் அதே வழியே நடந்தோம். மைத்திரி பாவனையில் எல்லா உயிர்க்கும் நலம் விழைந்த அதே ஞாயிற்றுக்கிழமைகள் அவை.

அவ்விளைஞர் இப்பொழுது புதிய சங்கிலி வாங்கியுள்ளார் என்று கேள்விப்படுகிறோம். அது நன்றே, ஆயினும் போதாது. அவர் இன்னும் அவ்வம்மையாரின் வாசலுக்குச் செல்லவில்லை. எதிர் வீடுதான், பத்தடித் தொலைவு. அவர் செல்வாராயின், துணைக்கு நாமும் உடன் செல்லக் காத்திருக்கிறோம்.